முப்பத்தஞ்சு கிராம்

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். பிடுங்கின ஆணி எல்லாம் தேவையில்லாத ஆணின்னு கடைசில சொன்னாங்க, அது தனிக் கதை. இன்னிக்கு மேட்டர் வேற. ஒரு பொம்மை விமானத்தைப் பத்தியும், எங்க அப்பாவைப் பத்தியும். ரெண்டையும் பிரிச்சு எழுதலாம்னு பார்த்தேன், முடியல. அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும். காபி ஏதாச்சும் கையில வெச்சுக்கிட்டுப் படிங்க.

எனக்கு சின்ன வயசுலேர்ந்தே விமானக் கிறுக்கு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல ஏரோநாட்டிக்கல் படிக்கணும்னு ஆசை. கட்-ஆஃப் அந்த ஆசையை ரெண்டு மார்க்குல கட் பண்ணிடுச்சு. ஐ.டி. எடுத்துப் படிச்சேன், இப்போ ஓஎம்ஆர்ல உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா கிறுக்கு மட்டும் விடல. முதல் சம்பளத்துல ஒரு ரிமோட் வாங்கினேன். அப்புறம் தெர்மோகோல்ல கிளைடர், அப்புறம் சின்ன டிரெய்னர், ரெண்டு மூணு கிராஷ், நாலைஞ்சு உடைஞ்ச புரொப்பெல்லர்னு வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கடல்விமானம் பண்ணணும்கிற எண்ணம் எப்படி வந்துச்சுன்னா, சென்னையில பறக்க விட மைதானம் இல்ல. ஊருக்குப் போனா மைதானம் இருக்கு, ஆனா முழுக்க சீமைக் கருவேல முள்ளு. எங்க ஊர் மேலூர் பக்கம். ஊர்ல தட்டையா, தடங்கல் இல்லாம இருக்கிற ஒரே இடம் கண்மாய்தான். பெரியாறு தண்ணியும் ஐப்பசி மழையும் சேர்ந்தா பொங்கல் வரைக்கும் நெறைஞ்சு கிடக்கும். அவ்வளவு பெரிய ரன்வேயை யாரு ஓசியில குடுப்பா?

இது ஒண்ணும் புதுசு இல்ல. தண்ணில இருந்து எஞ்சின் வெச்சுக் கிளம்பின முதல் ஆளு பிரான்ஸ்காரர் ஆன்ரி ஃபாப்ர். 1910 மார்ச் 28, மார்செய் பக்கத்துல. அதுக்கு முன்னாடி அவர் விமானமே ஓட்டினது இல்லையாம்! நம்ம பக்கத்துக்கும் இதுல பங்கு இருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல செங்குன்றம் ஏரியில, அதாங்க சென்னைக்காரங்க குடிக்கிற அதே புழல் தண்ணில, பிரிட்டிஷ் விமானப்படையோட கேட்டலினா பறக்கும் படகுகள் இறங்கி ஏறிக்கிட்டு இருந்துச்சு. இலங்கையில காலி பக்கம் கொக்கல ஏரியிலயும் அப்படித்தான். 1942 ஏப்ரல் 4-ந் தேதி அங்கேர்ந்து கிளம்பின ஒரு கேட்டலினாதான், இலங்கையைத் தாக்க வந்துக்கிட்டு இருந்த ஜப்பானியக் கப்பற்படையை முதல்ல பார்த்து சேதி சொல்லுச்சு. ஓட்டினவர் லெனார்ட் பர்ச்சால்னு ஒரு கனடாக்காரர். சேதி அனுப்பின கையோட சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியிற வரைக்கும் ஜப்பான்ல கைதியா இருந்தார்.

சரி, நம்ம கேட்டலினாவுக்கு வருவோம் :-)

ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற 5 மில்லி ஃபோம் போர்டுதான் உடம்பு. இறக்கை 120 சென்டிமீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம். கீழ படகு மாதிரி வயிறு. மோட்டார் தண்ணி படாம இருக்க இறக்கைக்கு மேல ஒரு கம்பம் நட்டு, அதுல பின்பக்கம் பார்த்த மாதிரி வெச்சேன். இறக்கை நுனிக்கு ஒண்ணா ரெண்டு குட்டி மிதவை. வயித்துக்கு அடியில நடுவுல ஒரு படிக்கட்டு மாதிரி வெட்டு இருக்கும், அதை ஸ்டெப்னு சொல்வாங்க. அதுதான் கடல்விமானத்துக்கே உயிர். தண்ணி வழுவழு பரப்புல ஒட்டிக்கிட்டு விடாது. ஸ்டெப் இருந்தா அந்த இடத்துல காத்து புகுந்து ஒட்டைப் பிரிச்சு விடும், வால் பக்கம் தண்ணியை விட்டு விலகும், விமானம் கிளம்பும். அந்த ஸ்டெப், விமானத்தோட எடை மையத்துக்குக் கொஞ்சம் பின்னாடி வரணும். முன்னாடி வந்தா வால் குந்திக்கும். ரொம்பப் பின்னாடி போனா மூக்கைத் தூக்கவே முடியாது.

எல்லாம் சரி. எடை மையத்துலதான் பிரச்சனை.

இந்த மாதிரி நீள்சதுர இறக்கைக்கு, முன் விளிம்புலேர்ந்து அகலத்துல கால் பாகத்துல இருந்து மூணுல ஒரு பாகத்துக்குள்ள எடை மையம் இருக்கணும். நான் குறிச்சது 60 மில்லிமீட்டர். சென்னையிலயே ரெண்டு விரல்ல தூக்கிப் பார்த்தேன். பேட்டரியை மூக்கு நுனி வரைக்கும் தள்ளியும் 72-ல நிக்குது. மோட்டாரும் கம்பமும் பின்னாடி இழுக்குது. இந்தக் கிறுக்கு உலகத்துல ஒரு சொலவடை உண்டு: மூக்கு கனத்த விமானம் கஷ்டப்பட்டுப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும். அதனால ஊருக்குப் போய் தூண்டில் ஈயம் வாங்கி மூக்குல வெச்சுக்கலாம்னு, 2025 பொங்கலுக்கு ஆம்னி பஸ்ல, ஒரு முழு சீட்டு அதுக்கும் சேர்த்துப் போட்டுக் கிளம்பினேன். கண்டக்டர் "யாரு சார் பக்கத்துல?"ன்னு கேட்டதுக்கு அட்டைப்பெட்டியைக் காட்டினேன். ஙேன்னு முழிச்சார்.

இப்போ அப்பா.

எங்க அப்பா மளிகைக்கடை. முப்பத்திரண்டு வருஷமா அதே கடை. சின்ன வயசுல எனக்கு அவரைப் பத்தி இருந்த பெரிய ஆச்சரியம் என்னன்னா, துவரம்பருப்பை மூட்டையிலேர்ந்து அள்ளித் தட்டுல போட்டார்னா, கால் கிலோன்னா கால் கிலோதான். முள்ளு ஆடி நடுவுல நிக்கும். மிஞ்சினா நாலு பருப்பு எடுப்பார் இல்ல போடுவார். "எப்படிப்பா?"ன்னு கேட்டா, "கைக்குத் தெரியும்டா"ம்பார். அவ்வளவுதான் விளக்கம்.

2022-ல அவருக்கு பக்கவாதம் வந்துச்சு. சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால உயிருக்கும் பேச்சுக்கும் ஒண்ணும் ஆகல. வலது கைதான் பழைய மாதிரி வரல. பிடிச்சா பிடி நிக்காது. மூணு மாசம் கழிச்சுக் கடையைத் திறந்தார். தராசைத் தூக்கிப் பிடிக்கும்போது கை நடுங்கும், தட்டு ஆடும், முள்ளு நிக்காது. ஆளுங்க வரிசையில நின்னு உச் கொட்டுவாங்க.

அடுத்த தடவை ஊருக்கு வந்தப்போ நான் ஒரு எலக்ட்ரானிக் மெஷின் வாங்கிட்டு வந்தேன். கடையில வெச்சேன். பழைய தராசைக் கழட்டி, படிக்கல்லை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுல போட்டு, பரண்ல ஏத்திட்டேன். "இனி கஷ்டப்பட வேணாம்பா, வெச்சா நம்பர் வந்துரும்"னேன். அவர்கிட்ட கேக்கல. அவரும் ஒண்ணும் சொல்லல. "சரிப்பா"ன்னார், அவ்வளவுதான். நல்லது செஞ்ச திருப்தியில நானும் பஸ் ஏறிட்டேன்.

அவர் என்கிட்ட "சரிப்பா"ன்னு சொல்றது எப்பவுமே சரின்னு அர்த்தம் இல்லைன்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கு.

மாட்டுப்பொங்கல் அன்னிக்கு சாயங்காலம். கடை லீவு. கடைக்குள்ளதான் இடம் இருந்துச்சுன்னு அங்கேயே விமானத்தை மாட்டி உக்காந்தேன். ஒரு மரப்பலகையில ரெண்டு பென்சிலை செங்குத்தா நட்டு, மேல ரப்பர் நுனி வர்ற மாதிரி ஒரு ஸ்டாண்டு. அந்த ரப்பர் மேல இறக்கையில குறிச்ச 60 மில்லி புள்ளி உக்காரணும். விமானம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்க்கணும். வெச்சேன். ஆடுது, ஆடுது, ஆடிக்கிட்டே இருக்கு.

ஸ்டூல்ல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்த அப்பா எந்திரிச்சுப் போய் ஃபேனை நிறுத்தினார்.

"எடை போடும்போது ஃபேன் போடக் கூடாதுன்னு தெரியாதா?"

தெரியாதுங்க. பி.டெக். படிச்சவனுக்கு அதெல்லாம் தெரியாது.

ஃபேன் நின்னதும் வால் மெதுவா இறங்கி தரையைத் தொட்டுச்சு. "வால் கனம்"னார். நான் எடை மையம், இறக்கை, 60 மில்லின்னு எல்லாத்தையும் விளக்கினேன். பாதி கேட்டார். "தராசுதான? ஒரு பக்கம் தண்டு நீளம், ஒரு பக்கம் குட்டை. நீளத்துல வெச்சா கம்மி எடை போதும். மூக்கு நுனில வை"ன்னார். நான் ரெண்டு பக்கம் கணக்குப் போட்டு வெச்சிருந்த சமாச்சாரம் அவ்வளவுதான். விமானம் 1,110 கிராம். 12 மில்லி முன்னால நகரணும். ரெண்டையும் பெருக்கினா 13,320. மூக்குல எடை வைக்கிற இடம் மையத்துலேர்ந்து 380 மில்லி தள்ளி. வகுத்தா 35 கிராம்.

"முப்பத்தஞ்சு கிராம் ஈயம் வாங்கணும்பா. தூண்டில் கடை நாளைக்குத் திறந்திருக்குமா?"

"பரண்ல அந்த டின்னை எடு."

எடுத்தேன். தூசி. உள்ள இரும்புக் கல்லுங்க, அடியில ஈயம் ஊத்தி முத்திரை போட்டது. அதுக்கும் கீழ சின்னச் சின்னப் பித்தளைக் கல்லுங்க. இடது கையால துழாவி மூணு எடுத்தார். 20, 10, 5. ஒவ்வொண்ணா மூக்குல வெச்சார். வால் தூக்க ஆரம்பிச்சுது. அஞ்சு கிராம் கல்லு உக்காந்ததும் விமானம் பென்சில் மேல தட்டையா நின்னுச்சு. மூக்கு கீழயும் இல்ல, வால் கீழயும் இல்ல.

"தட்டை மாத்திப் பாரு"ன்னார்.

"என்னது?"

"தராசு நேர்மையா இருக்கான்னு எப்படிப் பாப்ப? பொருளை இந்தத் தட்டுக்கும் கல்லை அந்தத் தட்டுக்கும் மாத்திப் போட்டுப் பாக்கணும். அப்பவும் முள்ளு நடுவுல நின்னாத்தான் தராசு. இதைத் திருப்பி வெச்சுப் பாரு. தரை சாய்வா இருந்தா பொய் சொல்லும்."

விமானத்தை 180 டிகிரி திருப்பி வெச்சேன். நின்னுச்சு. அப்புறம் மூக்கையும் வாலையும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு விரல்ல பிடிச்சுத் தூக்கி, இறக்கை இடம் வலம் சாயுதான்னு பார்த்தோம். வலது பக்கம் லேசா இறங்குச்சு. இடது நுனில ஒரு ரூபா நாணயம் ஒட்டினேன், சரியாப் போச்சு. இதை நிறைய பேர் பாக்கறது இல்ல. பாக்காம பறக்க விட்டா, லூப் அடிக்கும்போது காரணமே இல்லாம ஒரு பக்கம் போகுதுன்னு மண்டையைப் பிச்சுக்கணும்.

"சரிப்பா, நாளைக்கு ஈயம் வாங்கி இதுக்குப் பதிலா வெச்சுடறேன். கல்லைத் திருப்பிக் குடுத்துடறேன்"னேன்.

"எதுக்கு? அதான் மெஷின் இருக்கே. ஒட்டிக்க."

கோபமா எல்லாம் சொல்லல. பருப்பு விலை சொல்ற மாதிரி சொன்னார். எனக்குத்தான் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அப்போதான் முதல் தடவையா, அந்தத் தராசை நான் பரண்ல ஏத்தின அன்னிக்கு அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஞாபகம் வரல. நான் அன்னிக்கு அவரைப் பார்க்கவே இல்ல போலிருக்கு.

எதிர்த்துப் பேசத் தெரியாம மூணு கல்லையும் மூக்குப் பெட்டில வெச்சு ஒட்டினேன். மெஷின்ல விமானத்தை வெச்சுப் பார்த்தோம். 1,145. அப்பா ஒரு தடவை இடது கையால தூக்கிப் பார்த்துட்டுக் குடுத்தார்.

ராத்திரி மீதி வேலை. ரிசீவரை பலூனுக்குள்ள போட்டு வாயைக் கட்டினேன். மோட்டாரை ஓட்டுற இஎஸ்சி சூடாகும், அதைப் பலூன்ல போட்டா வெந்துடும். அதனால காத்து படுற மாதிரி மேல வெச்சேன். சர்வோ கம்பி வெளிய வர்ற ஓட்டைல வாசலின். வெளி முழுக்க பேக்கிங் டேப். புரொப்பெல்லரைக் கழட்டி வெச்சுட்டு கன்ட்ரோல் எல்லாம் சரி பார்த்தேன். ஸ்டிக்கை வலது தள்ளினா வலது எய்லரான் மேல போகணும், பின்னாடி இழுத்தா எலிவேட்டர் மேல போகணும். சிரிக்காதீங்க, இது தலைகீழா இருந்து முதல் பறப்புலயே மண்ணைக் கவ்வின விமானங்க ஏராளம். ரிமோட்டை அணைச்சா மோட்டார் நிக்குதான்னும் பார்த்துக்கிட்டேன்.

மறுநாள் காணும் பொங்கல். மத்தியானம் கூட்டம் வந்துரும், காத்தும் ஏறிடும்னு காலையில ஏழு மணிக்கே ஆட்டோல கண்மாய்க்குப் போனோம். அப்பா மடில விமானம். எங்க ஊர் பச்சை மண்டலத்துல வருதான்னு டிரோன் வரைபடத்துல முன்னாடியே பார்த்துக்கிட்டேன். கரையில நாங்க ரெண்டு பேரு, பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருத்தன், தூரத்துல தெர்மோகோல் மிதவையில உக்காந்து வலை இழுத்துக்கிட்டு இருந்த மீன் குத்தகை அண்ணன். தண்ணி கண்ணாடி மாதிரி. விமானம் நடு ஏரியில நின்னுட்டா எடுத்துக் குடுக்கிறேன்னு அண்ணன் வாக்குக் குடுத்திருந்தார்.

முதல்ல பறக்க விடக் கூடாது. தண்ணில ஓட்டிப் பாக்கணும். திரும்புதா, மிதவை முழுகுதா, மோட்டார் வேகம் கூட்டினா என்ன பண்ணுதுன்னு. மோட்டார் உசரத்துல இருக்கறதால வேகம் கூட்டினா மூக்கைக் கீழ அமுக்கும். அதுக்கு ஏத்த மாதிரி எலிவேட்டரை இழுத்துப் பிடிக்கணும். இருபது நிமிஷம் இப்படியும் அப்படியும் ஓட்டினேன். அட்டகாசம். பாதி வேகத்துலயே ஸ்டெப் மேல ஏறி, வால் தூக்கி, தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஓடுச்சு. பொடியன் விசில் அடிச்சான்.

கரைக்குக் கொண்டு வந்தேன். பேட்டரி மாத்தணும். அடுத்தது பறப்புதான். நெஞ்சு படபடங்குது. ஈர விமானத்தை அப்பா கையில குடுத்துட்டுப் பையில பேட்டரி தேடினேன்.

"எடை கூடியிருக்கு"ன்னார்.

"ஈரம்பா அது."

"ஈரம் அஞ்சு கிராம் இருக்கும். இது அம்பது அறுபது."

"வெளிய டேப்பு, நெறைய தண்ணி ஒட்டியிருக்கும்பா. இப்ப விட்டாத்தான், காத்து ஏறிடும்."

அவர் விமானத்தைக் குடுக்கல. மூக்கைக் கொஞ்சம் கீழ சாய்ச்சார், மறுபடி வாலைக் கீழ சாய்ச்சார். "கேளு"ன்னார். காதை வெச்சேன். வயித்துக்குள்ள களக்குன்னு ஒரு சத்தம்.

எனக்கு அவசரம். ஞாயித்துக்கிழமை சென்னைக்குக் கிளம்பணும். மூணு மாச வேலை. பொடியன் பார்த்துக்கிட்டு இருக்கான். "சின்ன அளவுதான், பறக்கும்பா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவர் என்னைப் பார்த்துக்கிட்டு சும்மா நின்னார். அந்தப் பார்வையில "சரிப்பா" வந்துருமோன்னு பயமா இருந்துச்சு, நிஜமா. ரிமோட்டை ஆஃப் பண்ணினேன்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போய் எடை போட்டுப் பார்ப்போம்."

மெஷின்ல வெச்சோம். 1,210.

1,145-லேர்ந்து 1,210. 65 கிராம். அப்பா சொன்னது அம்பது அறுபது. பக்கவாதம் வந்த ஆளு, வலது கை ஆளு, இடது கையில தூக்கிச் சொன்னது. நான் ஒண்ணும் பேசல. அவரும் மெஷின் நம்பரைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல. ஆனா லேசா மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டார். கடையில கணக்கு சரியா வந்தா அப்படித்தான் பண்ணுவார்.

வாலுக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டேன். கண்மாய்த் தண்ணி கொடகொடன்னு கொட்டுச்சு. ஸ்டெப் பக்கம் ஒட்டின ஹாட் குளூ, பஸ் சூட்டுலயோ வெயில்லயோ இளகி, ஒரு மயிரிழை விரிசல் விட்டிருக்கு. உக்காந்து கணக்குப் போட்டேன். அந்த 65 கிராம் மையத்துக்கு 300 மில்லி பின்னாடி இருந்தா, எடை மையம் 16 மில்லி பின்னாடி போயிருக்கும். 60-ல இருந்து 76. நாங்க மூணு கல்லு வெச்சு சரி பண்ணினதுக்கு முன்னாடி இருந்ததை விட மோசம். அதுவும் தண்ணி ஒரே இடத்துல நிக்காது. மூக்கு தூக்கினதும் எல்லாம் வால் நுனிக்கு ஓடும். வால் இன்னும் கனக்கும், மூக்கு இன்னும் தூக்கும், தண்ணி இன்னும் பின்னாடி ஓடும். கிளம்பின மூணாவது செகண்டுல செங்குத்தா நின்னு, அப்படியே குப்புற விழுந்திருக்கும். அந்த மூணு பித்தளைக் கல்லும் கண்மாய்ச் சேத்துல போயிருக்கும்.

அன்னிக்குப் பூரா காய வெச்சு, விரிசலை ஒட்டி, மேல டேப் போட்டு, ஓட்டையை அடைச்சோம். எடை 1,150. ஒட்டினது அஞ்சு கிராம். மறுபடி ஃபேனை நிறுத்தி, பென்சில் மேல வெச்சு, திருப்பி வெச்சுப் பார்த்தோம். நின்னுச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. இந்தத் தடவை ஆட்டோல எக்ஸ்ட்ரா ஒரு சாமான்: எலக்ட்ரானிக் மெஷின். அப்பா யோசனை. "ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு எடை, ஓட்டினதுக்கு அப்புறம் ஒரு எடை. வித்தியாசம் இல்லேன்னா விடு." கரையில துண்டை விரிச்சு மெஷினை வெச்சுக்கிட்டு ஸ்டூல் போட்டு உக்காந்துட்டார். அந்த வழியா வண்டியில போன ஒரு அம்மா நிறுத்தி, "மீனு என்ன விலைங்கண்ணே?"ன்னு கேட்டுச்சு. "மீன் இல்லம்மா, ஏரோப்ளேன்"னார் அப்பா. அந்தம்மா வண்டியை வேகமாக் கிளப்பிருச்சு :-)

ஓட்டறதுக்கு முன்னாடி 1,150. இருபது நிமிஷம் தண்ணில ஓட்டினப்புறம் 1,155.

"இது ஈரம்"னார்.

முதல் ஓட்டம் கிளம்பல. தண்ணி கண்ணாடியா இருந்தா இன்னும் இறுக்கி ஒட்டிக்கும். அதனால ஒரு வட்டம் அடிச்சு, நம்ம விமானமே கிளப்பின அலை மேல திரும்ப ஓட்டினேன். காத்துக்கு எதிரா, எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்து. ஸ்டெப் மேல ஏறினதும் தளர்த்தி. வேகம். வேகம். சின்னச் சின்ன அலை வயித்துல டப் டப்னு தட்டுற சத்தம் நின்னுச்சு. அப்போதான் தெரிஞ்சுது, அது தண்ணில இல்ல.

முழங்கால் உசரம், தலை உசரம், கருவேல மர உசரம். வேகத்தைக் கொஞ்சம் குறைச்சதும் மூக்கு லேசா தூக்குச்சு, ரெண்டு கிளிக் கீழ ட்ரிம் குடுத்தேன், அவ்வளவுதான். ஸ்டிக்கை விட்டாலும் நேராப் போச்சு. வால் கனம் இல்ல, மூக்கு கனம் இல்ல. கலுங்குக்கு மேல ஒரு வளைவு எடுத்தப்போ கொக்குக் கூட்டம் ஒண்ணு எந்திரிச்சுப் பறந்துச்சு. மீன் குத்தகை அண்ணன் வலையை விட்டுட்டு வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு இருந்தார். எனக்கு கால் நடுங்குது. திரும்பி அப்பாவைப் பார்க்க ஆசை, ஆனா விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

நாலு நிமிஷம். டைமர் அடிச்சுது. மோட்டாரை முழுசா அணைக்காம, கொஞ்சம் வேகத்தோடயே இறக்கினேன். ஒரு தடவை குதிச்சுது, ரெண்டாவது தடவை உக்காந்துச்சு. மெதுவா தண்ணியை அளந்துக்கிட்டே கரைக்கு வந்துச்சு.

அப்பா ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சு, வேட்டியை மடிச்சுக் கட்டி, முழங்கால் தண்ணில இறங்கி, இடது கையால அதை எடுத்தார். "டேய் பாத்து, வழுக்கும்பா"ன்னு நான் கத்தினதை (ஆமா, அவசரத்துல டேய்னுட்டேன்) அவர் கண்டுக்கல. தூக்கிப் பார்த்தார்.

"அதே எடை"ன்னார்.

மெஷின்ல வைக்கல. வைக்கணும்னு எனக்கும் தோணல.

ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி பரண்ல ஏறி தராசை இறக்கினேன். தேங்காநார் போட்டுத் துடைச்சு, கடையில பழைய கொக்கியிலயே மாட்டினேன். முன்னல்லாம் கையில பிடிச்சுத்தான் எடை போடுவார், இப்போ கொக்கியில தொங்கறதால பிடிக்க வேண்டிய அவசியம் இல்ல. இது எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தோணியிருக்கணும். ஒரு கொக்கி. அவ்வளவுதான் விஷயம். அப்பா பார்த்துட்டு, "முத்திரை போட்டு எத்தனை வருஷமாச்சு, இதுல யாவாரம் பண்ணினா ஃபைன் போடுவான்"னார். ஆனா கழட்டச் சொல்லல. மெஷின் பக்கத்துலயே தொங்குது. போன வாரம் ஃபோன்ல அம்மா சொன்னாங்க, ராத்திரி கடை சாத்தினப்புறம் அதுல கடுகு, வெந்தயம்னு வெச்சு இடது கையால எடை போட்டுப் பழகிட்டு இருக்காராம். அப்புறம் அதை மெஷின்ல வெச்சுப் பார்ப்பாராம். மெஷின் சரியா இருக்கான்னு பார்க்கிறாராம்!

பித்தளைக் கல்லு மூணும் விமானத்து மூக்குலதான் இருக்கு. ஈயம் வாங்கி வெச்சுருக்கேன், மாத்தல.

பி.கு.: முதல் தடவை கடல்விமானம் விடப் போறவங்களுக்கு மூணே விஷயம். எடை பார்க்கும்போது ஃபேனை நிறுத்துங்க. விமானத்தைத் திருப்பி வெச்சு இன்னொரு தடவை பாருங்க. தண்ணில ஓட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க, கூடியிருந்தா பறக்க விடாதீங்க. இந்த மூணும் எந்தப் புத்தகத்துலேர்ந்தும் நான் படிச்சது இல்ல.